எண்ணூருக்கு வந்த மலைமொழிகள்

மொழிகள் அடர்ந்து கிடக்கும் இடம் எது என்று கேட்டால் மொழியியல் நூல்கள் பெரும்பாலும் மலையைத்தான் காட்டும். காகசஸ் மலைத்தொடரை இடைக்கால அரபுப் புவியியலாளர்கள் 'மொழிகளின் மலை' என்றே அழைத்தார்கள். அங்கே தாகெஸ்தானில் ஆர்ச்சி என்றொரு மொழி உண்டு. பேசுவோர் சுமார் 1,200 பேர். ஏறக்குறைய அனைவரும் ஒரே மலைக்கிராமத்தைச் சேர்ந்தவர்கள். பப்புவா நியூகினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. நமக்கு அருகில் நீலகிரி. மலை மக்களைப் பிரிக்கிறது, பிரிந்தவர்கள் தனித்தனியே பேசிப் பேசி மொழி கிளைக்கிறது என்பதே வழக்கமான விளக்கம்.

இந்த விளக்கம் பாதி தூரம்தான் போகும். ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை ஒரு மேடுகூட இல்லாத கடற்கரைப் பட்டை இருக்கிறது. யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்க அங்கே இயற்கை எதையும் வைக்கவில்லை. ஆனாலும் நூற்றாண்டுகளாக அங்கே மொழிகள் அடுக்கடுக்காக வந்து தங்கியிருக்கின்றன. மலையில் பன்மொழிகள் எப்படி நிலைத்தன, துறைமுகத்தில் எப்படி நிலைக்கின்றன என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொலைவு ஒரு மொழியைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. அந்த மொழிக்கென்று ஊரில் ஒரு வேலை இருந்த வரைக்கும் அது இருந்திருக்கிறது. இந்தக் கட்டுரை நெடுகச் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் நீலகிரி. மொழியியலாளர் எம். பி. எமனோ 1930களின் நடுவில் அங்கே போய்த் தங்கிக் கோத்தர், தோடர், படகர் மொழிகளைப் பதிவு செய்தார். அவருடைய கோத்தர் கதைத் தொகுதிகள் 1944 முதலும், தோடர் பாடல் தொகுப்பு 1971இலும் வெளிவந்தன. திராவிட மொழியியலின் அடித்தளத்தில் பெரும்பகுதி அந்த மலையில் போடப்பட்டது. தோடர் மொழியின் உரசொலிகளைப் போல வேறெந்தத் திராவிட மொழியிலும் இல்லை. இதைக் கேட்டதும் 'ஒதுங்கிக் கிடந்ததால் இப்படி ஆனது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த மக்கள் ஒதுங்கிக் கிடக்கவே இல்லை. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். கோத்தர் இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள், எல்லார் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் இசைத்தார்கள். படகர் தானியம் தந்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய மந்திரத்துக்கு மற்றவர்கள் அஞ்சினார்கள். ஒருவரை விட்டு ஒருவர் வாழ முடியாத ஏற்பாடு அது. ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில், அந்தத் தொழிலோடு ஒரு மொழி, அதற்கு மேல் பிறர் மொழியில் தேவையான அளவு புழக்கம்.

காகசஸிலும் இதே கதைதான். மலை உச்சியில் இருப்பவர் கீழ்க்கிராமத்தின் மொழியையும், அதற்கும் கீழே சந்தை கூடும் ஊரின் மொழியையும் கற்பார். கீழிருப்பவர் மேலே உள்ளவரின் மொழியைக் கற்க மாட்டார். ஆர்ச்சிக்காரர்கள் அவார், லாக் மொழிகளைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். சின்ன மொழியைப் பேசுகிறவர்தான் எப்போதும் பன்மொழியாளர். இந்தச் சரிவு மலைக்கு மட்டும் உரியதல்ல, எண்ணூர்த் தேநீர்க் கடையிலும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீலகிரியின் அந்தக் கொடுக்கல் வாங்கல் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே தளர்ந்துவிட்டது. தோட்டப்பயிரும் சந்தையும் பணமும் வந்ததும் கோத்தரின் இரும்பும் இசையும் படகருக்குத் தேவைப்படவில்லை என்பதை மானிடவியலாளர் டேவிட் மான்டல்பாம் அந்தக் காலத்திலேயே எழுதினார். சாலை வந்ததால் மொழி தேய்ந்தது என்று பலர் சுருக்கிச் சொல்கிறார்கள். சாலைக்கு முன்பே வேலை போய்விட்டது என்பதைச் சேர்த்தால்தான் கணக்குச் சரியாகும். இன்று யுனெஸ்கோவின் அழிநிலை மொழிகள் பட்டியலில் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் இருக்கின்றன.

இப்போது கடற்கரைக்கு வருவோம். வடசென்னையின் மொழிக்கதையைக் கிழக்கிந்தியக் கம்பெனியிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு வெகுமுன்பே திருவொற்றியூர் மொழிகள் கூடும் இடமாக இருந்தது. தியாகராஜர் கோயிலில் இலக்கணம் கற்பிக்கவென்று, வடமொழிப் பாணினீயத்தை விளக்கிச் சொல்லவென்று ஒரு மண்டபமே இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கேரளத்திலிருந்து வந்து இங்கே துறவியாகி மடத்தை நடத்திய சதுரானன பண்டிதரைப் பற்றிப் பேசுகிறது. தேவார மூவரும் பாடிய தலம் இது. 19ஆம் நூற்றாண்டில் வீணை குப்பையரின் அழைப்பில் வந்த தியாகராஜ சுவாமிகள், இங்குள்ள திரிபுரசுந்தரி மீது ஐந்து கிருதிகளைத் தெலுங்கில் இயற்றினார். தமிழும் வடமொழியும் தெலுங்கும் ஒரே கோயில் மதிலுக்குள் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

1639இல் ஆங்கிலேயருக்கு இந்த மணல்கரையை எழுதிக்கொடுத்த நாயக்கர்கள் தெலுங்கர்கள். ஆங்கிலேயர் கட்டிய கோட்டைக்கு வெளியே எழுந்த கறுப்பர் பட்டணத்தின் தெருப்பெயர்களைப் படித்தாலே யார் யார் வந்தார்கள் என்று தெரியும்: அரண்மனைக்காரத் தெரு என்று மருவிய அர்மீனியர் தெரு, பவளக்காரத் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தம்புச் செட்டித் தெரு. உலகின் முதல் அர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அர்மீனியர் வணிகம் இங்கே இருந்தவரை அவர்கள் மொழிக்கு அச்சுக்கூடமும் இருந்தது. வணிகம் நகர்ந்தது, 1712இல் தொடங்கிய தேவாலயம் நிற்கிறது, அந்த மொழியில் பேசிக்கொள்ள ஆளில்லை. ராயபுரத்தில் 1910இல் கட்டப்பட்ட பார்சிகளின் தீக்கோயிலும் அப்படித்தான்; தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருப்பது அது ஒன்றே, சுற்றிலும் குஜராத்தி பேசும் வீடுகள் கைவிட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன.

மேலிருந்து வந்த மொழிகள் இவை, எழுதப்பட்டவை, நினைவுகூரப்படுபவை. கீழிருந்து வந்தவற்றைப் பற்றி நாம் குறைவாகவே எழுதியிருக்கிறோம். திருவொற்றியூரின் காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை. வண்ணாரப்பேட்டை துணி வெளுத்தவர்களால் உண்டானது. நகரின் மலத்தையும் குப்பையையும் அள்ளத் தெலுங்கு நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் வடசென்னைக் குடியிருப்புகளில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது 'சென்னை யாருக்கு' என்று நடந்த பெரும் விவாதத்தில் இரு தரப்பும் தெலுங்கரின் எண்ணிக்கையைச் சொல்லி வாதாடின. அந்த எண்ணிக்கையில் இந்தக் குடும்பங்களும் இருந்தன. அவர்களுடைய மொழி என்ன ஆகும் என்று இரு தரப்பிலும் யாரும் அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை.

இத்தனை மொழிகள் ஒரே சுமைதூக்கும் வரிசையில், ஒரே ஆலைவாசலில் நின்றபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி 1918 ஏப்ரல் 27இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம். பெரம்பூர் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய அந்தச் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா, பம்பாயில் பிறந்த பார்சி. தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், அருகில் நிற்பவர்கள் தமிழில் எடுத்துச் சொல்வார்கள். திரு. வி. க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் கூட நின்ற அந்த மேடைகளில் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் உருவானது. உரிமைகளைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் கொண்டுபோவதை அந்தச் சங்கம் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. நூறு வருடங்கள் கழித்து அதே வடசென்னையில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை என்பதை எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை.

சென்னைத் தமிழ் என்று கேலிக்கும் சினிமாவுக்கும் உரியதாக்கப்பட்ட பேச்சும் இந்தக் கலப்பிலிருந்து வந்ததுதான். உருதுவின் பேஜார், உஷார், நாஷ்டா, தெலுங்கின் நைனா, ஆங்கிலத்தின் பாதி இயந்திரப் பாகங்கள் எல்லாம் ஒரு தமிழ் இலக்கணத்துக்குள் வந்து அமர்ந்துகொண்டன. எமனோ 1956இல் 'இந்தியா ஒரு மொழியியல் வட்டாரம்' என்று எழுதினார். வெவ்வேறு குடும்பத்து மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றின் சாயலை ஒன்று வாங்கிக்கொள்கின்றன என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரைக்கு ராயபுரம் மேம்பாலத்தடியே சான்று. இதைக் கொச்சை என்று ஒதுக்குபவர்கள், நான்கு மொழிக்காரர்கள் சேர்ந்து கப்பலை இறக்கிய உழைப்பை மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் நுட்பமான ஒரு மொழி காசிமேட்டுக்கும் எண்ணூர்க் குப்பங்களுக்கும் உரியது. கச்சான், வாடை, ஈரான் என்று காற்றுக்கும், தெண்டி, வன்னி, மேமேரி, ஒலினி என்று நீரோட்டத்துக்கும் மீனவரான பட்டினவர் வைத்திருக்கும் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, வலை எங்கே இழுபடும், நாளை போகலாமா வேண்டாமா என்பதெல்லாம் அந்தப் பெயர்களுக்குள் இருக்கின்றன. விசைப்படகில் ஜி.பி.எஸ். கருவி வந்த பிறகு, ஸ்ரீகாகுளத்திலிருந்து வரும் தெலுங்குத் தொழிலாளர்கள் படகேறிய பிறகு, இந்தச் சொற்கள் சிறுபடகுக்காரர்களிடம் ஒதுங்கிவிட்டன. முகத்துவாரம் தூர்ந்து, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, சிறுபடகுத் தொழிலே போனால் சொற்களும் போகும். ஒரு அகராதியில் ஏற்றிவைப்பது நல்ல காரியம்தான். ஆனால் நெட்டுக்குப்பத்துக்கும் தாழங்குப்பத்துக்கும் ஆறு உயிரோடு இருந்தால் போதும், சொற்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அதே கழிமுகத்தில் இருளர்களும் இருக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். நீலகிரிச் சரிவிலும் இருளர்கள் உண்டு. அவர்கள் பேசுவது தனி மொழி என்று காமில் சுவலபில் 1970களில் விரிவாக எழுதினார். எண்ணூர், பழவேற்காட்டு இருளர்களோ தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மலையிருளரும் கரையிருளரும் ஒரே மக்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: மலையில் தேனுக்கும் காட்டுக்கும் ஒரு மொழி வாய்த்தது, கரையில் நெல் அரவை ஆலையிலும் செங்கல் சூளையிலும் கடன்பட்டு உழைத்த குடும்பங்களுக்கு முதலாளியின் மொழியே மொழியானது.

1960களில் பர்மாவில் நெ வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கிய பிறகு கப்பலேறி வந்தவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர் பர்மா நகரிலும் குடியேறினார்கள். முதல் தலைமுறையிடம் பர்மிய மொழி சரளமாக இருந்தது. பேரப்பிள்ளைகளிடம் அத்தோவும் மொய்ங்காவும் இருக்கின்றன, மொழி இல்லை. உணவுக்குக் கடற்கரை ரயில் நிலையத்து எதிரே விற்பனை உண்டு. மொழிக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

இவை எல்லாம் நமக்குத் தெரிந்த அடுக்குகள். கடந்த கால் நூற்றாண்டில் வந்த அடுக்கை நாம் இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை. 2001இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளி, கண்டெய்னர் கிடங்குகள், வரிசையாக அனல்மின் நிலையங்கள். இவற்றைக் கட்டியவர்களையும் இவற்றில் சுமப்பவர்களையும் ஊர் ஒரே பெயரால் அழைக்கிறது: இந்திக்காரர்கள். சார்கண்டிலிருந்து வந்தவர் சந்தாலியோ முண்டாரியோ பேசலாம். அவை ஆஸ்திரோ ஆசிய மொழிகள். குடுக் பேசலாம், அது நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. ஒடிசாவின் கந்தமால் மலையிலிருந்து வந்தவருடைய கூயியும் திராவிடம்தான். பீகாரிலிருந்து வந்தவருக்கு மைதிலியோ மகஹியோ போஜ்பூரியோ தாய்மொழி. இவர்களில் பலருக்கு இந்தி, நமக்கு ஆங்கிலம் மாதிரி, வேலைக்காகக் கற்றுக்கொண்ட மொழி. காகசஸ் சரிவைச் சொன்னேனே, அதே சரிவு இங்கே: மலைமொழிக்காரர் தன் மொழிக்கு மேல் வட்டாரப் பொதுமொழியான சாத்ரி அல்லது ஒடியா, அதற்கு மேல் இந்தி, அதற்கு மேல் கொஞ்சம் தமிழ் என்று மூன்று படி இறங்கி வந்து நிற்கிறார். தேநீர் ஊற்றும் நம்மவர் ஒரு படி ஏறுவதில்லை.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமின் கார்பி ஆங்லாங், ஹோஜாய் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். செய்தியில் வந்த குடிப்பெயர்கள் திமாசா மக்களுடையவை. திமாசா, போடோவோடு நெருங்கிய திபெத்திய பர்மிய மொழி. 2011 கணக்கெடுப்பின்படி பேசுவோர் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. இந்தியாவின் தொலைதூர மலைமொழி ஒன்றை எண்ணூர் மண்ணில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர்கள் இறந்த பிறகும் நம் செய்தித்தாள்கள் எழுதவில்லை. 'வடமாநிலத் தொழிலாளர்கள்' என்றே எழுதின. அந்த விபத்துக்கு மொழி காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. கேட்பது வேறு. அன்று காலை அந்தச் சாரத்தில் ஏறியவர்களுக்கான எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில் இருந்திருக்க முடியும்?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் 'தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும்' இருக்க வேண்டும் என்றது. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அது முன்னேற்றமான சொல். ஆலையில் இரண்டு மொழி பேசியவர்கள் இருந்த காலம் அது. பத்து மொழி பேசும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏறி இறங்கும் கட்டுமானத் தளத்தில் பெரும்பான்மை என்ற அளவுகோல் திமாசாவையும் முண்டாரியையும் எப்போதும் வெளியே நிறுத்தும். நடைமுறையில் மேஸ்திரி சொல்வதே மொழிபெயர்ப்பு. மேஸ்திரிக்குக் கூலியில் பங்கு உண்டு, நேரத்துக்கு வேலை முடிக்கும் நெருக்கடி உண்டு. பாதுகாப்பை எடுத்துச் சொல்வதற்கு அவர் சரியான ஆள் அல்ல.

நியூயார்க்கில் அழிநிலை மொழிகளுக்கான ஓர் அமைப்பு 2010இல் தொடங்கி அந்த நகரில் ஏறத்தாழ 700 மொழிகளைக் கண்டிருக்கிறது. நேபாளத்து முஸ்தாங் பகுதியின் சில கிராமங்களில் பேசப்படும் செகே என்ற மொழிக்கு மொத்தமே சுமார் 700 பேர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நியூயார்க்கில் வாழ்கிறார்கள், அவர்களிலும் பலர் ஒன்றிரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில். மலைமொழிகளின் அடுத்த முகவரி துறைமுக நகரங்கள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அங்கே யாரோ கேட்டார்கள், அதனால் தெரிந்தது. இங்கே யாரும் கேட்கவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடியாப் பிள்ளைகளுக்கு ஒடியா ஆசிரியர்களையும் ஒடியாப் பாடநூல்களையும் கொண்டு பணியிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் திட்டமும் இருக்கிறது. அது தேவை, இங்கே வாழப்போகிற பிள்ளைக்குத் தமிழ் கதவு திறக்கும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை நான் எதிர்ப்பவனல்ல. ஆனால் வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகளுக்காக மாநகராட்சிப் பள்ளிகளில் இருந்த பிரிவுகள் தேய்ந்து வருவதை, ஆங்கிலவழி வந்த வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மொழிகளின் இடத்தில் தமிழ் வளர்ந்திருந்தால் ஒரு கணக்கு. அங்கே உட்கார்ந்திருப்பது பாதி புரிந்த ஆங்கிலம்.

எல்லாவற்றுக்கும் கீழே எண்ணிக்கைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சீர்செய்து 1,369 தாய்மொழிகளாக்கி, தொகுத்து 121 மொழிகளாக வெளியிட்டார்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைந்தவை 'பிற' என்ற தலைப்புக்குள் போய்விடும். தோடரும் கோத்தரும் இப்படித்தான் மறைகிறார்கள். படகர் மொழி பேசுவோர் 1.33 லட்சம் பேர் கன்னடத்தின் கீழ் வைக்கப்பட்டார்கள். போஜ்பூரி பேசும் ஐந்து கோடிப்பேர் இந்தியின் கீழ். கணேஷ் தேவியின் இந்திய மக்கள் மொழிக் கணக்கீடு 780 மொழிகளைக் கண்டது. 121க்கும் 780க்கும் இடையில் விடுபட்டவர்களில் ஒரு பகுதியினர் இன்று எண்ணூரின் தகரக் கொட்டகைகளில் தூங்குகிறார்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. தாய்மொழி என்ன, வேறு எந்த மொழிகள் தெரியும் என்று கேட்பது கணக்கெடுப்பின் வழக்கம். காட்டுப்பள்ளியிலும் அத்திப்பட்டிலும் தொழிலாளர் கொட்டகை வாசலில் கணக்கெடுக்க வந்து நிற்கப்போகும் ஆசிரியருக்கு மேஸ்திரி 'எல்லாரும் இந்திதான், எழுதிக்குங்க சார்' என்று உதவுவார். ஐம்பது பேருக்கு ஒரே வரியில் பதில் கிடைக்கும், வேலை சீக்கிரம் முடியும். சென்னை, திருவள்ளூர் மாவட்ட நிர்வாகங்கள் இப்போதே இரண்டு காரியங்கள் செய்யலாம். தாய்மொழியைத் தொழிலாளியிடமே கேட்டு, அவர் சொன்ன பெயரை அப்படியே எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லலாம். கட்டுமானத் தள வாசலில் ஊர், ஆதார் எண் எழுதும் பதிவேட்டில் மொழிக்கென்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி, அந்தக் கட்டத்தில் வரும் ஒவ்வொரு மொழியிலும் சாரம் ஏறுமுன் சொல்ல வேண்டியதை ஒலிப்பதிவாக்கி வைக்கக் கேட்கலாம். பேசித்தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த மொழிக்காரர்கள் அங்கேயேதான் வேலை செய்கிறார்கள்.